கிலோ ஒரு பக்கம், யூரோ ஒரு பக்கம்: ஐரோப்பியக் கடல் இறாலின் கதை

மீன்பிடிப்பைப் பற்றி எந்த நாட்டு அரசாங்க அறிக்கையை எடுத்தாலும் அதில் இரண்டு கலங்கள் கட்டாயம் இருக்கும். ஒன்றில் எடை, பக்கத்தில் மதிப்பு. சர்க்கார் உத்தியோகத்தில் கலம் கலமாகக் கோடு போட்டுக் கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. சின்ன வயதில் பிரெஞ்சில் படித்ததால் அந்தப் பக்கத்து அறிக்கைகளைப் படிப்பதில் சிரமமும் இல்லை. அவற்றில் இறால் பக்கம் வந்தால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன். காரணம், அங்கே எடைக் கலமும் மதிப்புக் கலமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. பிடிப்பு குறைந்த வருஷத்தில் மதிப்பு ஏறியிருக்கும். பிடிப்பு பெருகிய வருஷத்தில் மீனவர் வேலைநிறுத்தம் செய்திருப்பார்.

பண்ணையில் வளர்க்கும் இறாலை இங்கே ஒதுக்கிவிடுகிறேன். கடலில் வலை போட்டுப் பிடிக்கும் இறாலைப் பற்றி மட்டும்தான் பேச்சு. அதன் மதிப்பில் பாதியைக் கடல் கொடுத்தது என்றால், மீதிப் பாதியைக் கரையில் இருந்தவர்கள் உண்டாக்கினார்கள். அந்த மீதிப் பாதியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

நான்கு வகை

முதலில் வகையைப் பிரித்துக்கொள்வோம். இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும்.

ஒன்று, வடகடலின் சாம்பல் இறால். பிரெஞ்சில் 'கிரெவெத் கிரீஸ்'. சுண்டுவிரல் நீளம் இருந்தாலே பெரிது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க், பெல்ஜியம், பிரான்சின் வடகரை, இங்கிலாந்து ஆகிய இடங்களில் ஆழமில்லாத மணல் சேற்றில் கிடைப்பது. ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 டன் கரைக்கு வருகிறது. அதில் பாதிக்கு மேல் நெதர்லாந்துப் படகுகள் பிடிப்பது, அடுத்த இடம் ஜெர்மனிக்கு.

இரண்டு, வடக்கின் ஆழ்கடல் இறால். நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து, கிரீன்லாந்து மக்கள் தின்பது இதுதான். வேகவைப்பதற்கு முன்பே இளஞ்சிவப்பாக இருக்கும். இதன் விசேஷம், முதலில் ஆணாக வாழ்ந்து, சில வருஷங்கள் கழித்துப் பெண்ணாக மாறிவிடும்.

மூன்று, லங்குஸ்தீன். சாஸ்திரப்படி இது இறால் கிடையாது. நீண்ட கொடுக்கு உள்ள ஜாதி, நம் சிங்கி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் ஸ்காட்லாந்து மீனவர் இதைத்தான் 'பிரான்' என்று சொல்கிறார். அவர் கணக்கை மதித்து நாமும் சேர்த்துக்கொள்வோம்.

நான்கு, மத்தியதரைக் கடலின் சிவப்பு இறால். ஸ்பெயினும் இத்தாலியும் இதற்குப் பேர் போனவை. அதே கடலில் விலை குறைந்த ரோஸ் நிற இறாலும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் பேரும் பணமும் சிவப்புக்குத்தான்.

பழைய காலத்து விலை

இறாலுக்கு ஐரோப்பாவில் மதிப்பு என்பது இன்று நேற்று வந்ததில்லை. ரோமாபுரியில் திபேரியுஸ் சக்கரவர்த்தி காலத்தில் அப்பீசியுஸ் என்று ஒரு சாப்பாட்டுப் பிரியர் இருந்தார். நம் அரிக்கமேட்டுக்கு ரோமானியச் சரக்கு வந்திறங்கிய காலம் அது. கடற்கரை ஊர் ஒன்றில் தங்கி, ஏராளமாகச் செலவழித்து இறால் தின்றுகொண்டிருந்தவருக்கு, லிபியாவில் இதைவிடப் பெரிய இறால் கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே கப்பல் ஏறிவிட்டார். வழியில் புயல், அலைச்சல். லிபியாக் கரையை நெருங்கியதும் மீனவர்கள் படகில் எதிரே வந்து, தங்களிடமிருந்த நல்ல இறாலைக் காட்டினார்கள். இதைவிடப் பெரியது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். கரையில் கால்கூட வைக்காமல் கப்பலைத் திருப்பச் சொன்னாராம். அத்தேனையுஸ் என்ற கிரேக்க எழுத்தாளர் இதை எழுதி வைத்திருக்கிறார். இத்தாலிக்காரர் இறாலைத் தேடி லிபியாப் பக்கம் போவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை அங்கே போக வேண்டியிருக்கும்.

பணக்காரர் கதை இப்படி. ஏழைகள் பக்கம் வேறு. வடபிரான்சின் கரைகளில் பெண்கள் முழங்கால் தண்ணீரில், இடுப்புத் தண்ணீரில் நின்று, கட்டையில் கட்டிய வலையை முன்னே தள்ளிக்கொண்டே நடந்து இறால் பிடித்தார்கள். 'கிரெவெத்' என்ற சொல்லே அந்தக் கரையிலிருந்து பொதுப் பிரெஞ்சுக்கு வந்ததுதான். அது 'ஷெவ்ரெத்' என்பதன் நார்மாந்தி, பிக்கார்தி உச்சரிப்பு. சின்ன ஆடு என்று பொருள். துள்ளுகிறதல்லவா, அதனால். பிக்கார்தியில் சில இடங்களில் 'சோத்ரெல்', அதாவது வெட்டுக்கிளி என்றும் சொல்வார்கள்.

1723 முதல் லெ மசோன் து பார்க் என்ற கடற்படை அலுவலர், அரசர் உத்தரவின்படி பிரான்சின் கரை நெடுக ஊர் ஊராகப் போய், எந்த ஊரில் என்ன வலை, கண்ணி எவ்வளவு, எத்தனை படகு, எத்தனை ஆள் என்று பதிவு செய்தார். பத்து வருஷத்துக்கு மேல் செய்த வேலை. தட்டச்சும் இல்லை, கார்பன் தாளும் இல்லை. எங்கள் குமாஸ்தா வர்க்கத்துக்கு அவர் ஒரு முன்னோடி என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அதே நூற்றாண்டில் லண்டனில் ஹோகார்த் என்ற ஓவியர், தலையில் கூடையோடு இறால் விற்கும் பெண்ணை வரைந்தார். 1740-க்கும் 1745-க்கும் இடையில் வரைந்த படம், இப்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அந்தக் கூடையில் ஓர் அளவுக் குவளையையும் வரைந்திருக்கிறார். அன்றைய இறால் கிலோ கணக்கில் விற்கவில்லை. படி கணக்கில் அளந்து போட்ட சரக்கு. நம் சென்னாக்குன்னியைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையை மாற்றியது ரயில். அதற்கு முன் பாரீசுக்கு மீன் போவது குதிரை வண்டியில், இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு. 1847-இல் லெ ஆவ்ர் துறைமுகத்துக்கும், 1848-இல் தியெப்புக்கும், புலோஞ்ஞுக்கும் ரயில் வந்தது. காலையில் வெந்த இறால் மாலையில் நகரத்துச் சாப்பாட்டு மேசையில். கடல் அதே கடல், வலை அதே வலை, விலை மட்டும் வேறாகிவிட்டது. இறாலின் மதிப்பைக் கரை நிர்ணயிக்கிறது என்பதற்கு இது முதல் உதாரணம்.

உரிக்கும் கை

இனி வடகடலுக்கு வருவோம். விஷயம் அதிகம் இருப்பது இங்கேதான்.

சாம்பல் இறாலைப் படகிலேயே கடல் தண்ணீரில் வேகவைத்துவிடுவார்கள். வெந்த பிறகு ஓட்டை உரிக்க வேண்டும். மூன்று கிலோ உரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கிடைக்கும். சுண்டுவிரல் இறாலை ஒவ்வொன்றாகத் திருகி, இழுத்து, உரித்துப் போடுவது எவ்வளவு பொறுமை வேண்டிய வேலை என்று குசினியில் உட்கார்ந்து இறா ஆய்ந்த நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

பொடி இறாலுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஜெர்மன் கரையில் அதைக் காயவைத்துக் கோழித் தீவனமாக விற்றார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும், 1970 வாக்கு வரை இது நடந்தது. தீவனத்துக்குப் போன இறாலின் எடை பெரிது, மதிப்பு அற்பம். ஒரே ஜாதி இறால்தான், கோழி தின்றால் ஒரு விலை, மனிதன் தின்றால் ஒரு விலை.

மனிதர் தின்னும் இறாலை உரித்தது யார்? நெதர்லாந்து, ஜெர்மன் கரையோர ஊர்களில் வீட்டுப் பெண்கள். மீன் வியாபாரி பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார். சமையலறை மேசையைச் சுற்றி அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து உரிப்பார்கள். எடைக்கு எடை கூலி. குடும்பத்துக்கு அது ஒரு கைச்செலவுப் பணம். பிறகு சுகாதார விதிகள் வந்தன, வீட்டில் உரிப்பது நின்றது. தொழிற்சாலையில் உரிக்கலாம் என்றால் வடக்கத்திக் கூலி கட்டுபடியாகவில்லை. முதலில் போலந்துக்கு அனுப்பினார்கள். பிறகு, 1990-களிலிருந்து, மொராக்கோவுக்கு.

நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இன்றும் நடப்பது இதுதான். நெதர்லாந்தில் பிடித்த இறால், குளிர்பெட்டி லாரியில் பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் கடந்து, கப்பலில் ஜலசந்தி தாண்டி, தாஞ்சியே, தெத்துவான் நகரங்களுக்குப் போகிறது. அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் உரிக்கிறார்கள். உரித்த சதை அதே வழியில் திரும்பி வருகிறது. போக வர 5,000 கிலோமீட்டருக்கு மேல். பெல்ஜியக் கடற்கரை ஓட்டலில் தக்காளிக்குள் வைத்துத் தரும் இறால், தான் பிறந்த கடலிலிருந்து ஒரு மைலில் பரிமாறப்பட்டாலும், நடுவில் ஆப்பிரிக்கா போய் வந்திருக்கிறது. இயந்திரம் செய்து பார்க்காமல் இல்லை. இவ்வளவு சின்ன இறாலில் கை உரிப்பது போல் வரவில்லை என்பதால் பெரும்பகுதி இன்றும் கைதான்.

2020-இல் கொரோனா வந்தபோது இந்த ஏற்பாட்டின் நிஜ உருவம் வெளிப்பட்டது. மொராக்கோவில் இடைவெளி விட்டு உட்கார வேண்டியிருந்ததால் உரிக்கும் கைகள் குறைந்தன. உடனே வடகடலில் மீனவர் பிடிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடலில் இறால் இருந்தது, படகும் வலையும் இருந்தன. தெத்துவானில் நாற்காலி காலியாக இருந்ததால் இங்கே வலை கரையில் கிடந்தது.

விலையை யார் சொல்வது

உரிக்கவும் சேமிக்கவும் பெரிய முதல் வேண்டும் என்பதால், வடகடல் இறால் வியாபாரம் நெதர்லாந்தின் இரண்டொரு பெரிய நிறுவனங்கள் கையில் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான சின்னப் படகுகள் ஒரு பக்கம், வாங்குபவர் இரண்டொருவர் மறுபக்கம். விலையை யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மீனவர் சும்மா இருக்கவில்லை. 1990-களின் கடைசியில் மூன்று நாட்டு மீனவர் அமைப்புகள் ஒன்றுகூடி, பிடிப்பைக் குறைத்து, இன்ன விலைக்குக் கீழே விற்பதில்லை என்று பேசிவைத்தன. மொத்த வியாபாரிகளும் அதில் இருந்தார்கள். இது வியாபாரப் போட்டிக்கு விரோதம் என்று நெதர்லாந்தின் போட்டி ஆணையம் 2003-இல் அவர்களுக்கு அபராதம் விதித்தது. அதே காலத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் வேறு கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். 2000 முதல் 2009 வரை நான்கு நிறுவனங்கள் விலையைப் பேசி வைத்துச் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டன என்று ஐரோப்பிய ஆணையம் 2013 நவம்பரில் தீர்மானித்தது. ஒரு நிறுவனம் தானே முன்வந்து காட்டிக்கொடுத்ததால் தப்பித்தது. மற்ற மூன்றுக்கும் சேர்த்து அபராதம் சுமார் 2 கோடியே 87 லட்சம் யூரோ. மீனவர் சேர்ந்தாலும் குற்றம், வியாபாரி சேர்ந்தாலும் குற்றம் என்பது சட்டப்படி சரிதான். ஆனால் வியாபாரி இரண்டு பேர் போனில் பேசினால் போதும், மீனவர் நானூறு படகைக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே தராசில் நிற்குமா என்பது என் கேள்வி.

2011 வசந்த காலத்தில் விலை கிலோ 2 யூரோவுக்கும் கீழே போனது. டீசல் செலவுக்கே போதாது என்று நெதர்லாந்து, ஜெர்மன் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் நின்றன. ஐந்து வருஷம் கழித்து நேர் எதிர். 2016-இல் பிடிப்பு சரிந்தது. இறாலைத் தின்னும் 'மெர்லான்' மீன் அந்த வருஷம் பெருகியது ஒரு காரணம் என்றார்கள் விஞ்ஞானிகள். இலையுதிர் காலத்தில் விலை கிலோ 10 யூரோவைத் தொட்டது. ஜெர்மன் கடற்கரையில் ரொட்டிக்குள் இறால் வைத்து விற்பவர்கள், விலையை எப்படி எழுதுவது என்று கையைப் பிசைந்தார்கள். 2018-இல் மறுபடி பெருவாரியாகக் கிடைத்தது, விலை மறுபடி விழுந்தது. இப்போது சொல்லுங்கள், மதிப்புக் கலத்தில் ஏறிய எண்ணைப் பார்த்துவிட்டுத் தொழில் வளர்ந்தது என்று குறிப்பு எழுதினால் அது சரியாகுமா?

இதே கரையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. பெல்ஜியத்தில் ஊஸ்த்துயின்கெர்க்கே என்ற ஊரில், கனத்த உழவுக் குதிரையின் மேல் உட்கார்ந்து, மார்பளவுத் தண்ணீரில் வலையை இழுத்து இறால் பிடிக்கிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிடிக்கும் இறால் சில கூடைதான். பார்க்க வரும் கூட்டத்தால் ஊருக்கு வரும் வருமானம் எந்த மீன் கணக்கிலும் ஏறாது.

நார்வேக்காரர் கண்டுபிடித்தது

வடக்கின் ஆழ்கடல் இறால் 19-ஆம் நூற்றாண்டின் முடிவு வரை விலையே இல்லாதது. காரணம், அது அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 1897, 1898 ஆண்டுகளில் யோஹான் யோர்ட் என்ற விஞ்ஞானி நார்வேயின் கடற்கழிகளில் டென்மார்க்கின் புது இழுவலையைப் போட்டுச் சோதித்தார். ஆழத்திலிருந்து கூடை கூடையாக இறால் வந்தது. சில வருஷங்களில் அது ஒரு தொழிலாகி, சுவீடனுக்கும் பரவியது. படகில் வேகவைத்து, ஒஸ்லோ துறைமுகத்தில் அப்படியே பையில் அள்ளித் தருவது இன்றுவரை நடக்கிறது. வாங்குபவர் படித்துறையில் உட்கார்ந்து தானே உரித்துத் தின்கிறார். உரிக்கும் கூலி அங்கே பூஜ்யம்.

தொழிற்சாலைக்குப் போகும் ஆழ்கடல் இறாலை உருளை இயந்திரம் உரிக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் 1940-களில் அமெரிக்காவின் லூயிசியானாவில் இருந்த லபேர் என்ற இளைஞர். பெயரைப் பார்த்தாலே தெரியும், பிரெஞ்சு வம்சம். ரப்பர் பூட்ஸ் காலால் மிதித்தபோது இறால் ஓட்டைவிட்டு வெளியே வழுக்கி வந்ததைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். அந்த இயந்திரத்தால் ஆழ்கடல் இறாலை வடநாட்டிலேயே உரிக்க முடிந்தது. சாம்பல் இறால் மொராக்கோ போனதற்கும் ஆழ்கடல் இறால் போகாததற்கும் இந்த ஒரு வித்தியாசம் போதும்.

நார்வேக்கும் நம் நாட்டுக்கும் இறால் வழியாகவே ஒரு உறவு உண்டு. 1952-இல் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நார்வே மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்வளத் திட்டம் தொடங்கின. மீனவர் வாழ்க்கை உயரவேண்டும், மக்களுக்கு மீன் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். விசைப்படகு வந்தது, இழுவலை வந்தது. கடைசியில் பணத்தைக் கொட்டியது ஏற்றுமதி இறால். பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போனது. யோர்ட் தன் ஊர்க் கடலில் செய்து காட்டியது, அரை நூற்றாண்டு கழித்து நம் கரைக்கும் வந்து சேர்ந்தது.

ஸ்காட்லாந்தின் காகிதம்

லங்குஸ்தீன் கதை இன்னும் விசித்திரம். 1950-கள் வரை ஸ்காட்லாந்து மீனவருக்கு அது வலையைக் கெடுக்கும் தொந்தரவு. கடலில் திருப்பி எறிவார்கள், அல்லது படகில் வேலை செய்பவர்கள் கைச்செலவுக்கு விற்றுக்கொள்வார்கள். பிறகு வாலை மட்டும் உரித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, இத்தாலியச் சொல்லை எடுத்து 'ஸ்காம்ப்பி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் மாறியதும் தூக்கி எறிந்த சரக்கு நாட்டின் விலையுயர்ந்த ஓட்டுமீனாகிவிட்டது. இன்று உலகத்தில் லங்குஸ்தீன் அதிகம் பிடிக்கும் நாடு பிரிட்டன்தான்.

2006-இல் ஸ்காட்லாந்தின் அன்னான் நகரிலிருந்து ஒரு நிறுவனம் லங்குஸ்தீனைத் தாய்லாந்துக்குக் கப்பலில் அனுப்பி, கையால் உரித்துத் திருப்பிக் கொண்டுவர ஏற்பாடு செய்தது. அன்னானில் சுமார் 120 பேருக்கு வேலை போயிற்று. மொராக்கோ கதைதான், தூரம் மட்டும் அதிகம்.

கூடைப்பொறியில் உயிரோடு பிடிக்கும் பெரிய லங்குஸ்தீன் வேறு வழியில் போகிறது. லாரி ஏறி பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும், உயிரோடு. உயிர் இருந்தால் ஒரு விலை, செத்தால் அதில் ஒரு துண்டு. பிரெஞ்சுக்காரர் இதில் கண்டிப்பு. பிரத்தாஞ்ஞில் லொக்துதி துறைமுகத்து லங்குஸ்தீனுக்கு 'துமுவாசெல்', அதாவது குமரிகள் என்று செல்லப் பெயரே உண்டு.

2021 ஜனவரியில் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேறியதும் அந்த லாரிகள் நின்றுபோயின. கடலில் பிரச்சினை எதுவும் இல்லை. சுகாதாரச் சான்று, பிடிப்புச் சான்று, சுங்கப் படிவம் என்று நேற்று வரை தேவைப்படாத காகிதங்கள் வந்து சேர்ந்தன. ஒரே லாரியில் பத்துப் பேர் சரக்கு இருந்தால், ஒருவர் படிவத்தில் பிழை என்றாலும் பத்துப் பேர் சரக்கும் காத்திருக்க வேண்டும். மீன் வியாபாரிகள் லாரிகளை லண்டனுக்கே ஓட்டிவந்து அரசாங்க அலுவலகங்களுக்கு முன் நிறுத்திப் போராடினார்கள். கோப்பு ஒரு மேசையில் இரண்டு நாள் கூடுதலாகத் தூங்கினால் என்ன என்று நினைக்கும் எங்கள் உத்தியோக உலகத்துக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. சில கோப்புகளுக்குள் உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது.

சிவப்பு இறால்

மத்தியதரைக் கடலின் சிவப்பு இறால் 400 மீட்டருக்கும் கீழே, கடலடிப் பள்ளத்தாக்குகளில் வாழ்வது. ஸ்பெயினின் பாலமோஸ், தேனியா துறைமுகங்களில் மாலையில் படகு திரும்பியதும் ஏலம். நம் கரையில் ஏலம் கீழிருந்து ஏறும், அங்கே மேலிருந்து இறங்கும். பெரிய விலையில் தொடங்கி எண் குறைந்துகொண்டே வரும், முதலில் பொத்தானை அழுத்தியவருக்குச் சரக்கு. தயங்கினால் போயிற்று. கிறிஸ்துமஸ் வாரத்தில் நல்ல பருமனான இறால் கிலோ 100 யூரோவைத் தாண்டுவதுண்டு. வடகடல் மீனவர் 2 யூரோவுக்குப் போராடிய அதே ஐரோப்பாவில்தான் இதுவும்.

கத்தலோனியா மீனவர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. சில வருஷங்களில் சிவப்பு இறால் திடீரென்று காணாமல் போய்விடும். மூன்று நான்கு வருஷம் கழித்துப் பெருகி வரும். 2008-இல் விஞ்ஞானிகள் காரணம் எழுதினார்கள். கடுங்குளிர் வருஷங்களில், பிரான்சின் தென்கரையை ஒட்டிய லியோன் வளைகுடாவில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்து, அருவி போலக் கடலடிப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அந்த வேகத்தில் இறால் கூட்டம் ஆழத்துக்குப் போய்விடுகிறது, வலைக்கு அகப்படுவதில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கொண்டுபோகும் உணவைத் தின்று குஞ்சுகள் செழிக்கின்றன. அவை வளர்ந்து வரும்போது பிடிப்பு பெருகுகிறது. கெட்ட வருஷம் என்று எழுதியது உண்மையில் நல்ல வருஷத்துக்கு விதைப்பாக இருந்திருக்கிறது.

சிசிலித் தீவில் மசாரா தெல் வல்லோ என்ற ஊர் சிவப்பு இறாலுக்கே வாழும் ஊர். படகில் இத்தாலியரோடு துனிசியரும் தலைமுறையாக வேலை செய்கிறார்கள். அருகே இருந்த கடல் தேய்ந்துபோக, தெற்கே தெற்கே போய் லிபியாப் பக்கம் வந்துவிட்டார்கள். லிபியாவோ கரையிலிருந்து 70 மைலுக்கு மேல் தன் மீன்பிடி எல்லை என்கிறது. இத்தாலி அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2020 செப்டம்பர் 1-ஆம் தேதி இரண்டு மசாராப் படகுகளைப் பிடித்து, 18 மீனவர்களைப் பெங்காசியில் அடைத்தார்கள். எட்டு இத்தாலியர், ஆறு துனிசியர், இரண்டு இந்தோனேசியர், இரண்டு செனகல்காரர். வீட்டுப் பெண்கள் ரோம் நகருக்கே போய் நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்தார்கள். 108 நாள் கழித்து, டிசம்பர் 17-ஆம் தேதி, இத்தாலியப் பிரதமரே பெங்காசிக்குப் பறந்துபோன பிறகு விட்டார்கள். காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் உறவுக்காரர் இருப்பவர்களுக்கு அந்த 108 நாள் எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பீசியுஸ் லிபியா இறாலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினார். மசாராக்காரருக்குத் திரும்ப வழியில்லை, அவருக்கு அது பிழைப்பு.

கணக்கில் வருவதும் வராததும்

அட்டவணை படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது எந்தக் கடல் யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவில் இருக்கும் குயான், பிரான்சின் பகுதி. அங்கே பிடிக்கும் வெப்பக்கடல் இறால் பிரான்சின் இறால். கிரீன்லாந்து டென்மார்க் முடியாட்சியின் கீழ் இருந்தபோதும் 1985-இல் ஐரோப்பிய சமூகத்தை விட்டு விலகிவிட்டதால் அதன் இறால் அந்தக் கணக்கில் இல்லை. கோடு எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நாட்டின் வரிசை எண் மாறிவிடும். இதெல்லாம் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் இருக்கும், யாரும் படிக்கமாட்டார்கள்.

இன்னொன்று அடிக்குறிப்பிலும் இருக்காது. மதிப்பு என்று எழுதுவது பெரும்பாலும் துறைமுகத்தில் முதல் விற்பனை நடக்கும் விலை. சாம்பல் இறாலில் அதற்குப் பிறகுதான் பாதிக்கு மேல் கதையே இருக்கிறது. லாரிக்காரர், தெத்துவானில் உரிக்கும் பெண், சேமிப்புக் கிடங்கு, கடைக்காரர் எல்லோரும் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கிறார்கள். முன்னே சமையலறை மேசையில் உரித்த நெதர்லாந்துப் பெண்களும் அப்படித்தான் வெளியே நின்றார்கள். நாடு மாறியது, கலம் மாறவில்லை.

நம் ஊரில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். போய் வரும்போது மீன் கடையில் சீட்டைப் பாருங்கள். எந்தக் கடலில், எந்த வகை வலையில் பிடித்தது என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பியச் சட்டம். நல்ல சட்டம், வரவேற்கிறேன். எந்த ஊரில், யார் உரித்தது என்று எழுதச் சொல்லி இன்னும் எவரும் சட்டம் போடவில்லை. உரித்த இறால் கால் கிலோ வாங்கினால், வீட்டுக்கு வந்து அந்தப் பாதையை ஒருமுறை பேரப்பிள்ளைகளுக்கு வரைபடத்தில் காட்டுங்கள். பூகோளப் பாடத்துக்கும் ஆயிற்று.